ஓபியாய்டு ஏற்பிக்கு ஒரு பெட் ட்ரேசர்: நீலகிரியில் இருந்தபடி சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர் பக்கம் ஃபார்மசியோ மருந்தியலோ படிக்கிறீர்கள். மூளையில் உள்ள ஓபியாய்டு ஏற்பிகளை (மார்ஃபின் வகைப் பொருள்கள் போய் ஒட்டும் புரதங்களை) பெட் ஸ்கேனில் படம்பிடிக்க உதவும் ஒரு கதிரியக்கச் சேர்மத்தை, அதாவது ட்ரேசரை, சோதிப்பது உங்கள் ஆய்வுத் தலைப்பு. அப்படியென்றால் இது உங்களுக்கானது. எந்த வேலையை முதலில் செய்வது, எதைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும், புதிதாக வருபவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சேர்மத்தைத் தயாரிக்கும் வேதியியல் இதில் கிடையாது. அது உரிமம் உள்ள ஆய்வகத்தில், தேர்ந்த ரேடியோ கெமிஸ்ட் கையில் நடக்க வேண்டிய வேலை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். மொத்த உழைப்பில் பெரும்பகுதி கதிரியக்கமே இல்லாத, அல்லது மிகக் குறைந்த கதிரியக்கம் உள்ள வேலை. அதை மலையிலேயே நிதானமாக முடித்துவிடலாம். சூடான, அதாவது கதிரியக்கம் ஏற்றிய, ட்ரேசரோடு செய்ய வேண்டியவை சில நாட்கள்தான். அதற்குக் கீழே இறங்கிப் போக வேண்டும். இந்தப் பிரிவினை புரியாமல் ஆரம்பித்தவர்கள்தான் ஸ்கேன் தேதி வாங்கிவிட்டுத் தரவு இல்லாமல் நிற்கிறார்கள்.

1. அரை ஆயுளையும் மலைப்பாதையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

ஐசோடோப்பை, அதாவது மூலக்கூறில் ஏற்றும் கதிரியக்க அணுவை, தேர்ந்தெடுப்பதுதான் முதல் படி. பலர் மூலக்கூறைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் ஐசோடோப்பைத் தேடுகிறார்கள். நம் ஊரில் அது சரிப்படாது.

கார்பன்-11க்கு அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் நேரம், 20.4 நிமிடம். ஃபுளூரின்-18க்கு 109.8 நிமிடம். டெக்னீசியம்-99எம்முக்கு 6 மணி நேரம். கோயம்புத்தூரில் இருந்து மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டி வந்துசேர மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது 100 பங்கு இருந்தால், வந்து சேரும்போது கார்பன்-11இல் 0.2 பங்குதான் மிச்சம். ஃபுளூரின்-18இல் சுமார் 32, டெக்னீசியத்தில் சுமார் 71.

ஆக, கார்பன்-11 ட்ரேசரை மேலே கொண்டுவரும் யோசனையையே விட்டுவிடுங்கள். சைக்ளோட்ரான் (ஐசோடோப்பை உருவாக்கும் இயந்திரம்) இருக்கும் கட்டடத்திலேயே அதை ஊசியில் ஏற்ற வேண்டும். ஃபுளூரின்-18 கணக்குப்படி வந்து சேரும். ஆனால் அக்டோபர், நவம்பர் மழையில் பாதையில் மண் சரிந்தாலோ, சீசனில் கல்லாற்றிலிருந்து வண்டிகள் வரிசைகட்டி நின்றாலோ இன்னொரு அரை ஆயுள் போய்விடும். போதாததற்குக் கதிரியக்கப் பொருளை எல்லா வண்டியிலும் ஏற்ற முடியாது. அதற்கென்று டைப் ஏ பெட்டி, டிரெம் கார்டு (விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் அட்டை), பயிற்சி பெற்ற ஓட்டுநர் எல்லாம் வேண்டும்.

என் யோசனை: ஃபுளூரின்-18ஐத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ட்ரேசரை மேலே வரவழைக்க வேண்டாம், நீங்கள் கீழே போங்கள். தாமதத்தைத் தாங்கும் ஐசோடோப் வேண்டும் என்பதற்காகத்தான் ஃபுளூரின், பயணத்துக்காக அல்ல. ஒரு எலிக்கு ஊசி ஏறாமல் போனால் மறுபடி முயல அரை மணி நேரமாவது கையில் இருக்க வேண்டாமா?

2. எந்த ஏற்பி, எந்தக் கேள்வி?

மியூ, டெல்ட்டா, கப்பா என்று மூன்று முக்கிய ஓபியாய்டு ஏற்பிகள். மூன்றையும் ஒரேயடியாகப் பார்க்கப்போகிறீர்களா, ஒன்றை மட்டுமா? இதை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். பின்னால் வரும் எல்லா ஒப்பீட்டுச் சோதனையும் இந்த வாக்கியத்தைப் பொறுத்தது.

அடுத்தது அகோனிஸ்ட்டா (தூண்டுவது), ஆன்டகோனிஸ்ட்டா (தடுப்பது) என்ற கேள்வி. ஏற்பியைத் தூண்டும் சேர்மங்கள், ஜி-புரதத்தோடு இணைந்திருக்கும் உயர்பிணைப்பு நிலையில் உள்ள ஏற்பிகளைத்தான் இறுகப் பிடிக்கும். தடுக்கும் சேர்மங்கள் பெரும்பாலும் எல்லா ஏற்பிகளையும் பிடிக்கும். அதனால் ஒரே மூளையில் இந்த இரண்டு வகையும் இரண்டு எண்ணிக்கை காட்டும். இரண்டுமே சரிதான், பதில் சொல்லும் கேள்விதான் வேறு.

மியூ ஏற்பிக்குக் கார்பன்-11 ஏற்றிய கார்ஃபென்டனில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ட்ரேசர். ஆனால் அது மைக்ரோகிராம் அளவிலேயே மூச்சை அடக்கிவிடும். மாணவர் ஆய்வகத்தில் அதற்கு வேலை இல்லை. டைப்ரினார்ஃபின் வகை மூன்று ஏற்பியையும் ஏறக்குறைய ஒரே அளவில் பிடிக்கும். அதன் ஃபுளூரின்-18 வடிவமும் மனித ஆய்வுகளில் பயன்பட்டிருக்கிறது. உங்கள் புதிய சேர்மத்தை ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஏற்கெனவே நடைமுறையில் உள்ள ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

3. அனுமதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, சேர்த்தே தொடங்குங்கள்

நான்கு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும்.

கதிரியக்கத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். விண்ணப்பம் வாரியத்தின் இ-லோரா இணையதளம் வழியாகப் போகும். உங்கள் நிறுவனத்தில் கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும், அதை முதலில் விசாரியுங்கள்.

ஓபியாய்டு என்பதால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். உங்கள் சேர்மம், ஒப்பீட்டுச் சேர்மம், தடுப்புச் சோதனைக்கான மருந்து என ஒவ்வொன்றும் அட்டவணையில் வருகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். “மைக்ரோகிராம்தானே சார், ஆராய்ச்சிக்குத்தானே” என்ற பேச்சு அங்கே எடுபடாது. இருப்புப் பதிவேடும் பூட்டிய அலமாரியும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

எலி, சுண்டெலி போன்ற சிறு விலங்குகளுக்கு நிறுவன விலங்கு நெறிக்குழு. நான்காவது, கீழே நீங்கள் போகப்போகும் மையத்தின் சொந்த அனுமதி. இதைத்தான் மறக்கிறார்கள். விலங்கு உங்கள் கல்லூரியுடையது, ஸ்கேன் வேறு நிறுவனத்தில் என்றால் இரண்டு நெறிக்குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட விலங்கை, உடலில் கதிரியக்கம் இருக்கும்போதே மலைக்குத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. அது அங்கேயே எத்தனை நாள், யார் பொறுப்பில் இருக்கும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

4. கையில் எடுக்கும் முன் தாளில் வடிகட்டுங்கள்

மூளைக்குள் போகாத மூலக்கூறுக்கு எவ்வளவு நல்ல பிணைப்பு இருந்தும் பயனில்லை. கொழுப்பில் கரையும் தன்மை, அதாவது பி.எச். 7.4இல் லாக்-டி மதிப்பு, ஏறக்குறைய 2 முதல் 3.5 வரை இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் மூளைத் தடுப்பைத் தாண்டாது. மேலே போனால் கொழுப்பிலும் புரதத்திலும் கண்டபடி ஒட்டிக்கொண்டு படம் முழுக்க மங்கலாகும்.

லாக்-டியைக் கணினியில் மட்டும் கணித்துவிட்டு நகராதீர்கள். ஆக்டனாலையும் பஃபரையும் குலுக்கிப் பிரித்து ஒருமுறை அளந்துவிடுங்கள். அரை நாள் வேலை. ஓபியாய்டுகளில் பெரும்பாலானவற்றில் அமீன் இருக்கும். அதன் பி.கே.ஏ. மதிப்பை (எந்த பி.எச்.இல் அது மின்னேற்றம் பெறும் என்பதை) மென்பொருள் சற்றே தவறாகக் கணித்தாலும் லாக்-டி எங்கேயோ போய்விடும்.

பி-கிளைக்கோபுரதம் என்ற வெளியேற்றும் பம்ப்பையும் இந்தக் கட்டத்திலேயே கவனியுங்கள். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லோப்பரமைடு சுத்தமான மியூ அகோனிஸ்ட். இருந்தும் வழக்கமான அளவில் சாப்பிட்டவருக்குப் போதை வருவதில்லை, ஏனென்றால் இந்தப் பம்ப் அதை மூளையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. உங்கள் சேர்மமும் அதே பம்ப்புக்குப் பிடித்தமானதாக இருந்தால், எலியின் மூளைப் படம் வெறுமையாக வரும். அதைப் பார்த்து ஏற்பி பிடிக்கவில்லை என்று தவறாக முடிவெடுப்பீர்கள். இருபுறமும் ஓட்டத்தை அளக்கும் செல் அடுக்குச் சோதனை ஒன்றைச் செய்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

5. பிணைப்புச் சோதனை: இங்கே நேரம் செலவழியுங்கள்

இதை மலையிலேயே செய்யலாம். ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய, குறிப்பிட்ட ஏற்பியைப் பிடிக்கும் சேர்மங்களை, டாம்கோ மியூவுக்கு, யு-69593 கப்பாவுக்கு என்று வாங்கிக்கொண்டு, எலி மூளைச் சவ்வில் உங்கள் கதிரியக்கமற்ற சேர்மத்தைப் போட்டிபோட விட்டு அளப்பதுதான் முறை. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. அவசரமே இல்லை.

எவ்வளவு பிணைப்பு வேண்டும்? ஒரு மில்லிகிராம் சவ்வுப் புரதத்துக்கு 100 ஃபெம்டோமோல் ஏற்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் மூளையில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் புரதம். ஆக ஒரு கிராமுக்கு 10 பிக்கோமோல், அதாவது சுமார் 10 நானோமோலார். ஏற்பியின் அளவைப் பிணைப்பு மாறிலியால் (இது சிறியதாக இருந்தால் பிணைப்பு இறுக்கம்) வகுத்தால் குறைந்தது 10 வர வேண்டும் என்பது துறையின் பொதுவிதி. அப்படியானால் மாறிலி 1 நானோமோலாரோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும். வலி மருந்தாக நன்றாக வேலை செய்யும் 20 நானோமோலார் சேர்மம் ட்ரேசராகத் தேறாது.

இனி தவறுகள்.

ஊட்டியின் அறை வெப்பநிலை. செய்முறைத் தாளில் “அறை வெப்பநிலையில் 60 நிமிடம்” என்று இருக்கும். அதை எழுதியவருக்கு அறை என்றால் 25 டிகிரி. நமக்கு டிசம்பர் காலையில் மேசைமேல் 12 டிகிரிகூட இருக்கலாம். பிணைப்பின் வேகம் வெப்பத்தோடு மாறும். 60 நிமிடத்தில் சமநிலை எட்டாமலே வடிகட்டிவிடுவீர்கள், மாறிலி தவறாக வரும். தண்ணீர்த் தொட்டியை 25 டிகிரியில் வைத்து அதில் குழாய்களை நிறுத்துங்கள். சமநிலைக்கு எத்தனை நிமிடம் என்பதை நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள்.

பஃபரில் சோடியம். சோடியம் இருந்தால் அகோனிஸ்ட்டுகளின் பிணைப்பு குறையும், ஆன்டகோனிஸ்ட்டுகளுக்கு அப்படி ஆகாது. ட்ரிஸ் பஃபரில் எடுத்த எண்ணையும் உப்பு சேர்த்த பஃபரில் எடுத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் வைத்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும். உயிருள்ள உடலில் உப்பு உண்டு. ஆகவே இரண்டு விதத்திலும் செய்து இரண்டையும் எழுதுங்கள்.

ஐசி-50ஐ (ட்ரிட்டியச் சேர்மத்தின் பிணைப்பைப் பாதியாகக் குறைக்கும் அளவை) அப்படியே ஒப்பிடுவது. அது நீங்கள் போட்ட ட்ரிட்டியத்தின் அளவைப் பொறுத்து மாறும். செங்–ப்ரூசாஃப் சூத்திரத்தில் போட்டு கே-ஐ (பிணைப்பு மாறிலி) ஆக்கிய பிறகே மற்றவர் எண்ணோடு ஒப்பிட முடியும். போட்ட ட்ரிட்டியத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சவ்வில் ஒட்டியிருந்தால் அந்தச் சூத்திரமும் செல்லாது. சவ்வின் அளவைக் குறையுங்கள்.

வடிதாளிலேயே ட்ரேசர் ஒட்டிக்கொள்வது. கண்ணாடியிழை வடிதாளை பாலிஎத்திலீன்இமைன் கரைசலில் ஊறவைத்தால் பெரிய அளவில் குறையும். சவ்வே இல்லாத குழாய் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். அதில் வரும் எண்ணிக்கைதான் உங்கள் தாளின் பங்கு.

கடைசியாக ஒரு பாதுகாப்புத் தவறு, இதை அடிக்கடி பார்க்கிறேன். வேலை முடிந்ததும் ஜிஎம் (கெய்கர்) மீட்டரை மேசைமேல் ஓட்டிவிட்டு, சத்தம் வரவில்லை, சுத்தம் என்கிறார்கள். ட்ரிட்டியத்தின் பீட்டா கையுறையைக்கூடத் தாண்டாது, மீட்டரின் ஜன்னலை எப்படித் தாண்டும்? ஈரத் தாளால் துடைத்து, அந்தத் தாளைச் சிண்டிலேஷன் கவுண்டரில் போட்டு எண்ணுவது ஒன்றே வழி.

6. உயரம் கருவியை என்ன செய்யும்

இது மலைக்காரர்களுக்கு மட்டும். கடல் மட்டத்தில் எழுதிய கையேட்டில் இருக்காது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கை ஒட்டித்தான். காற்றுக்குத் திறந்த அயனி அறை உள்ள சர்வே மீட்டர், உள்ளே காற்று குறைவு என்பதால், அதே கதிரை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். அழுத்தத் திருத்தம் போட்டுத்தான் படிக்க வேண்டும். மூடி அழுத்தம் ஏற்றிய கிணறு வகை டோஸ் காலிபிரேட்டருக்கு (ஊசியில் உள்ள கதிரியக்கத்தை அளக்கும் கருவிக்கு) இந்தத் தொல்லை இல்லை. உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதை வாங்கியவரிடம் கேளுங்கள்.

உயரம் ஏற ஏற அண்டக்கதிர்களும் கூடும். அவற்றை ஆராயவே ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது, நமக்கோ அது பின்னணி எண்ணிக்கையில் சேரும் தொந்தரவு. கீழே எடுத்த பின்னணியை மேலே எடுத்த அளவீட்டிலிருந்து கழிக்காதீர்கள்.

ஜூன், ஜூலையில் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கும் சிலிக்கா டிஎல்சி தகடு ஈரத்தை இழுத்துக்கொண்டால் புள்ளிகள் ஏறும் தூரம் மாறும். தகட்டை அடுப்பில் உலர்த்தி, உலர்பொடி உள்ள பாத்திரத்தில் வைத்து எடுங்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒப்பீட்டுச் சேர்மத்தின் புள்ளி பக்கத்திலேயே இருக்கட்டும்.

7. லேபிள் செய்பவரிடம் (கதிரியக்க அணுவை ஏற்றித் தருபவரிடம்) என்ன கேட்டு வாங்க வேண்டும்

அதிகம் இல்லை. செய்முறை அவருடையது, ஆனால் நான்கு எண்கள் உங்களுக்கு வேண்டும்: தயாரிப்பு முடிந்த நேரம், அந்த நேரத்தில் மொத்தக் கதிரியக்கம், மோலார் ஆக்டிவிட்டி (ஒரு மோல் சேர்மத்துக்கு எவ்வளவு கதிரியக்கம்), கரைசலில் எத்தனால் எவ்வளவு. மோலார் ஆக்டிவிட்டியை “நன்றாகவே இருக்கிறது” என்று வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணாக, எந்த நேரத்துக்கானது என்ற குறிப்போடு வாங்குங்கள். ஏன் என்பது 9ஆம் பகுதியில் வரும்.

உண்மையான தொகுதிக்கு முன்னால் ஒரு ஒத்திகை ஓட்டம் கேளுங்கள். கதிரியக்கம் இல்லாமலே எலி, ஊசி, கடிகாரம், தாள் எல்லாவற்றையும் அந்த அறையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஊசிக்குழாய்க்கான ஈயக் கவசத்தோடு எலி வாலில் ஊசி ஏற்றுவது வேறு, வெறும் கையால் ஏற்றுவது வேறு.

8. தரச் சோதனை: எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு முடியாது

ஊசி போடும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை: கரைசல் தெளிவாக இருக்கிறதா, பி.எச். எவ்வளவு, ரேடியோ ஹெச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் கதிரியக்கத்தையும் காட்டும் கருவியில்) தூய்மை 95 சதவீதத்துக்கு மேலா, அரை ஆயுள் 105 முதல் 115 நிமிடத்துக்குள் வருகிறதா. அரை ஆயுளைப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்தே கணித்துவிடலாம். ஃபுளூரினேஷனில் கிரிப்டோஃபிக்ஸ் (ஃபுளூரைடை வினைபுரிய வைக்கும் துணைப்பொருள்) பயன்படுத்தியிருந்தால் அதன் எச்சத்தையும் கரைப்பான் எச்சத்தையும் பார்க்க வேண்டும்.

ஹெச்பிஎல்சி படத்தை மட்டும் நம்பாதீர்கள். தனித்த ஃபுளூரைடு அந்தக் கருவியின் சில பிரிப்புக் குழாய்களிலேயே சிக்கிக்கொண்டு வெளியே வராது. படத்தில் ஒரே ஒரு உச்சம், தூய்மை 99 என்று தெரியும். உண்மையில் கால்வாசி குழாய்க்குள் இருக்கும். டிஎல்சியையும் கூடவே ஓட்டினால் ஃபுளூரைடு அடியில் தங்கியிருப்பது தெரிந்துவிடும்.

கிருமியற்ற தன்மைச் சோதனைக்கு 14 நாள் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குள் ட்ரேசரே இருக்காது. அதனால்தான் வடிகட்டியின் முழுமையைக் குமிழிச் சோதனையால் உடனே பார்க்கிறார்கள். விலங்குச் சோதனைக்கு இதெல்லாம் வேண்டாமே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மனிதருக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே பழகுங்கள்.

9. ஊசி போடும் நாள்: நிறைக் கணக்கு

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் படிப்பேன் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

ட்ரேசரில் கதிரியக்கம் உள்ள மூலக்கூறுகள் கொஞ்சம், அதே வடிவில் கதிரியக்கம் இல்லாதவை ஏராளம். ஏற்பிக்கு இரண்டும் ஒன்றே. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்பே இலைகளில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால், நாம் எண்ண வந்தவர்கள் வெளியே நிற்பார்கள் இல்லையா, அந்த நிலைமை. எனவே மொத்த மூலக்கூறுகள் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்பிகளை நிரப்பக் கூடாது.

எண்ணில் போடுவோம். தயாரிப்பு முடிந்ததும் மோலார் ஆக்டிவிட்டி, மைக்ரோமோலுக்கு 74 ஜிகாபெக்கரல். எலிக்கு 18.5 மெகாபெக்கரல் ஏற்றினால் உள்ளே போவது 0.25 நானோமோல். ஒரு கிராம் மூளைக்கு அதில் 0.5 சதவீதம் போனால் 1.25 பிக்கோமோல். ஏற்பி 10 பிக்கோமோல்தான். ஏறக்குறைய 12 சதவீதம் வரை நிரம்பிவிடலாம். ஏற்கெனவே அதிகம்.

இப்போது மூன்று அரை ஆயுள் கழித்து, அதாவது ஐந்தரை மணி நேரம் தாமதமாக, அதே 18.5 மெகாபெக்கரலை ஏற்றுகிறோம். மோலார் ஆக்டிவிட்டி எட்டில் ஒரு பங்காகிவிட்டது. உள்ளே போவது 2 நானோமோல், மூளையில் கிராமுக்கு 10 பிக்கோமோல். ஏற்பியின் எண்ணிக்கைக்குச் சமம்! அந்த எலியின் படத்தில் பிணைப்பு குறைவாகத் தெரியும். நீங்கள் அதை எலிக்கு எலி வேறுபாடு என்று எழுதுவீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? கதிரியக்கத்தை வைத்து டோஸ் போடாமல் நிறையை வைத்துப் போடுங்கள். எல்லா எலிக்கும் 0.1 நானோமோல் என்று வையுங்கள். தொடக்கத்தில் அது 7.4 மெகாபெக்கரல், சிறு விலங்கு பெட் கருவிக்குப் போதும். மூன்று அரை ஆயுளுக்குப் பிறகு அதே 0.1 நானோமோலில் 0.9 மெகாபெக்கரல்தான். படத்துக்குப் போதாது, ஆனால் உறுப்புகளை எடுத்துக் காமா கவுண்டரில் எண்ண தாராளம். ஆகவே படமெடுக்கும் எலிகள் முதலில், உறுப்பு எடுக்கும் எலிகள் பின்னால். வரிசையை மாற்றினால் அன்றைய தொகுதி வீண்.

இன்னொன்று, கடிகாரம். டோஸ் காலிபிரேட்டருக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, காமா கவுண்டருக்கு ஒன்று, உங்கள் கைப்பேசியில் ஒன்று. ஐந்து நிமிட வேறுபாடு ஃபுளூரின்-18இல் 3 சதவீதப் பிழை, கார்பன்-11இல் 18 சதவீதத்துக்கும் மேல். காலையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குத் திருப்புங்கள். முடியாத கருவியின் வித்தியாசத்தைத் தாளின் தலையில் எழுதுங்கள்.

ஊசி போட்டதும் காலி ஊசிக்குழாயை மறுபடி அளந்து கழியுங்கள். கொழுப்பில் கரையும் சேர்மம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். முடிவில் எலியின் வாலையும் எண்ணுங்கள். வாலில் பெரிய எண்ணிக்கை இருந்தால் ஊசி ரத்தக் குழாய்க்கு வெளியே இறங்கியிருக்கிறது. அந்த விலங்கைக் கணக்கில் சேர்க்க முடியாது.

10. பிணைப்பு ஏற்பியோடுதானா என்று நிரூபிப்பது

ஏற்பி நிறைந்த மூளைப் பகுதியான தலாமஸ் பளிச்சென்று தெரிவது மட்டும் ஆதாரம் ஆகாது. ரத்த ஓட்டம் அதிகமுள்ள இடமெல்லாம் முதல் சில நிமிடம் பளிச்சென்றுதான் இருக்கும்.

ட்ரேசருக்கு முன்னால் நலாக்ஸோன் (ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் மருந்து) கொடுத்து இன்னொரு குழுவை எடுங்கள். ஏற்பியோடு ஒட்டியிருந்த பங்கு விழ வேண்டும். நலாக்ஸோன் மூளைக்கு வெளியே உள்ள ஏற்பிகளையும் அடைத்துவிடுவதால் ரத்தத்தில் ட்ரேசர் கூடலாம், மூளையில் வீழ்ச்சி குறைத்துத் தெரியும். ரத்த மாதிரியும் எடுத்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும். நலாக்ஸோனின் எதிர்க்கை வடிவம் (கண்ணாடிப் பிம்பம் போன்ற மூலக்கூறு) ஓபியாய்டு ஏற்பியைத் தொடாது. அதைக் கொடுத்த குழுவில் மாற்றம் வரவில்லை என்று காட்டினால் ஆய்வேட்டுத் தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இந்த இடத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு விபத்து உண்டு. ரத்தக் குழாயில் கதீட்டர் வைத்த எலிக்கு வலி தெரியாமல் இருக்க விலங்கு இல்லத்தில் புப்ரினார்ஃபின் என்ற ஓபியாய்டு வலி மருந்தைப் போட்டிருப்பார்கள். அது நெறிப்படி சரியான செயல். ஆனால் புப்ரினார்ஃபின் மியூ ஏற்பியைப் பிடித்தால் எளிதில் விடாது. மறுநாள் ஸ்கேனில் ஏற்பியே இல்லாத எலி மாதிரி இருக்கும். எந்த வலி மருந்து, எத்தனை மணிக்கு என்று விலங்கு இல்லத்தோடு முன்பே பேசி, ஓபியாய்டு அல்லாத மருந்தை நெறிக்குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

விலங்கின் மன உளைச்சலும் உடலின் சொந்த ஓபியாய்டுகளைச் சுரக்க வைக்கும். மலையிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கிக் கீழே வந்த எலியை அன்றே ஸ்கேன் மேசையில் ஏற்றாதீர்கள். சில நாள் அங்கே பழகட்டும்.

11. படத்தைப் படிப்பது

ஏற்பியே இல்லாத பகுதி ஒன்று இருந்தால் அதை ஒப்பீட்டுப் பகுதியாக வைத்து எளிய மாதிரியில் கணக்கிடலாம். எலியின் சிறுமூளையில் ஓபியாய்டு ஏற்பி மிகக் குறைவு, அதனால் அது உதவும். கினிப் பன்றியின் சிறுமூளையோ கப்பா ஏற்பி நிறைந்தது. மனிதரில் மியூ ஆய்வுக்குப் பிடரிப் புறணியை எடுப்பது வழக்கம். ஒரு விலங்கின் ஒப்பீட்டுப் பகுதியை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டால் எண்கள் அழகாக வரும், அர்த்தம் இருக்காது.

மண்டையோடு ஒளிர்ந்தால் ஃபுளூரின் கழன்று எலும்பில் சேர்கிறது என்று பொருள். அந்த ஒளி புறணிக்குள் கசிந்து ஏற்பி போலவே தோன்றும். நேரம் ஆக ஆக முழங்கால் மூட்டிலும் முதுகெலும்பிலும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மூலக்கூறை மாற்ற வேண்டும், மென்பொருளால் துடைக்க முடியாது.

ரத்தத்தில் சிதையாத ட்ரேசர் எத்தனை சதவீதம் என்பதைக் குறைந்தது நான்கைந்து நேரங்களில் அளந்துவிடுங்கள். மூளையையும் ஒருமுறை அரைத்து ஹெச்பிஎல்சியில் பாருங்கள். சிதைபொருளும் மூளைக்குள் போகிறது என்றால் ஏற்பிக் கணக்கே ஆட்டம் காணும்.

12. மனிதருக்குப் போகும் முன்

இங்கே பொறுப்பு மருத்துவர் குழுவுக்கும் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளுக்கும் போய்விடுகிறது. நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு கோப்பு: விலங்கில் உறுப்புவாரியான கதிர்வீச்சுக் கணக்கு, நச்சுத்தன்மை, மேலே சொன்ன எல்லாம்.

மைக்ரோடோஸ் என்றால் 100 மைக்ரோகிராம் வரை என்று படித்திருப்பீர்கள். அது உச்சவரம்பு. கூடவே, மருந்து வேலை செய்யும் அளவில் நூறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் விதி சொல்கிறது. வலுவான ஓபியாய்டுக்கு இரண்டாவது எண் முதலாவதைவிட மிக மிகக் கீழே இருக்கும், அதுதான் செல்லும். கோப்பின் முதல் பக்கத்தில் கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதையும், ஊசி போட அனுமதிக்கும் கடைசி நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். 9ஆம் பகுதியின் கணக்குப்படி, நேரம் கடந்தால் அதே கதிரியக்கத்தில் நிறை கூடிவிடும். அகோனிஸ்ட் என்றால் ஸ்கேன் அறையில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியும் ஏற்றத் தயாரான நலாக்ஸோனும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தொகுதியின் 14 நாள் கிருமிச் சோதனை முடிவும் வந்ததும், அன்றைய ஹெச்பிஎல்சி படத்துக்குப் பின்னால் அதைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.